அறியாத உப்பில் உலோகம் கண்டறிதல்: சுடர் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் கையில் வந்து சேரும் வெள்ளைப் பொடியில் என்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பல சோதனைகள் உண்டு. அவற்றில் சுடர் சோதனைதான் வேகமானது. கம்பியில் ஒரு துளி உப்புப் பசை, அதைச் சுடரில் காட்டினால் ஒரு நிறம், அதை வைத்து ஒரு முடிவு. வேகமாக முடிகிறது என்பதாலேயே இதை அலட்சியமாகச் செய்கிறார்கள். அலட்சியமாகச் செய்தால் எந்த உப்பைக் காட்டினாலும் மஞ்சளாகத்தான் எரியும்.

வேலூர்ப் பக்கம் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். போர்வெல் தண்ணீரில் உப்பு, கத்திரி வெயிலில் விரல் நுனியெல்லாம் வியர்வை, மேஜையில் படியும் தூசி. மூன்றிலும் சோடியம் இருக்கிறது. சோடியத்தின் மஞ்சள் மற்ற எல்லா நிறத்தையும் அமுக்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, சோடியத்தை எப்படி ஒதுக்குவது என்பதைப் பற்றித்தான். மீதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அறியாத உப்பைத் தனியாகப் பார்த்து நிறத்துக்குப் பெயர் வைக்காதீர்கள். தெரிந்த உப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது

சுடரின் வெப்பத்தில் உப்பு ஆவியாகிறது. ஆவியில் இருக்கும் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஆற்றலை வாங்கி மேல்மட்டத்துக்குப் போகிறது. அங்கே நிலைக்க முடியாமல் திரும்பி இறங்கும்போது வாங்கிய ஆற்றலை ஒளியாக விடுகிறது. மட்டங்களுக்கு இடையிலான ஆற்றல் வித்தியாசம் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு என்பதால் ஒளியின் அலைநீளமும் வேறு. சோடியத்துக்கு 589.0, 589.6 நானோமீட்டர் என்று நெருங்கிய இரண்டு மஞ்சள் கோடுகள். லித்தியத்துக்கு 670.8-இல் சிவப்பு. பொட்டாசியத்துக்கு 766.5, 769.9 என்று கண்ணுக்கு எட்டும் எல்லையில் இரண்டு, கூடவே 404-ஐ ஒட்டி மங்கிய ஊதா. பொட்டாசியச் சுடர் ஏன் எப்போதும் வெளிறித் தெரிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். அது விடும் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் விழுகிறது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் அணுக்களோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றின் நிறத்தில் பெரும்பங்கு, சுடருக்குள் கணநேரம் உருவாகும் ஹைட்ராக்சைடு, குளோரைடு மூலக்கூறுகளிலிருந்து வருகிறது. தாமிரத்துக்கும் அப்படித்தான். ஒரே தாமிர உப்பு அமிலம் தொடாமல் பச்சையாகவும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டதும் நீலப் பச்சையாகவும் எரிவது இதனால்தான்.

இந்த முறையை முழு அறிவியலாக மாற்றியவர்கள் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வேலை பார்த்த புன்சனும் கிர்க்காஃபும். நிறமில்லாமல் எரியும் பர்னர் 1855-இல் வந்தது. 1859-60-இல் அந்தச் சுடரை முப்பட்டகம் வழியாகப் பார்த்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு என்று காட்டினார்கள். 1860-இல் ஓர் ஊற்று நீரில் சீசியமும், அடுத்த ஆண்டு ரூபிடியமும் இந்த வழியிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. ஆய்வகத்தின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கவைத்து, தூரத்தில் எரிந்துகொண்டிருந்த சுடரில் சோடியக் கோடு தெரிவதையும் பார்த்தார்கள். அவ்வளவு நுட்பமான சோதனை என்றால், நம் விரல் வியர்வை அதில் தெரியாமல் இருக்குமா?

தேவையானவை

சுடர் நீலமாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும். காற்றுத் துளையை முழுதாகத் திறந்த புன்சன் பர்னர் சிறந்தது. பல பள்ளிகளில் ஸ்பிரிட் விளக்குதான் இருக்கும். அதில் சோடியம், தாமிரம், லித்தியம் தெரியும். பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சோம்பலாக வரும், சில சமயம் வரவே வராது. திரியின் மஞ்சளும் குறுக்கே நிற்கும். பர்னர் இல்லையென்றால் பியூட்டேன் டார்ச் ஸ்பிரிட் விளக்கைவிடப் பல மடங்கு மேல். அதை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்திக்கொள்ளுங்கள். வீட்டு கேஸ் அடுப்பு வேண்டாம். சமைக்கிற இடத்தில் பேரியம் உப்புக்கு என்ன வேலை?

கம்பிக்குப் பிளாட்டினம் என்று புத்தகம் சொல்லும். விலையைப் பார்த்தால் பீரோவில் பூட்டி வைக்கத்தான் தோன்றும். நிக்ரோம் கம்பி போதும். எலக்ட்ரிக்கல் கடையில் ஹீட்டர் காயில் வாங்கி, ஒரு சாண் வெட்டி நேராக்கி, முனையில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளையம் போடுங்கள். மறுமுனையைக் கார்க்கில் குத்தினால் கைப்பிடி தயார். ஒவ்வொரு உப்புக்கும் ஒரு கம்பி வைத்துக்கொண்டால் சுத்தம் செய்யும் வேலை பாதியாகிவிடும். நம் பள்ளிகளில் வழக்கமான கண்ணாடிக் கோல் முறை அவசரத்துக்கு உதவும். ஆனால் கண்ணாடியிலேயே சோடியம் இருப்பதால் சூடேறியதும் மஞ்சளைக் கலந்துவிடும்.

தண்ணீருக்குக் குழாயைத் திறக்காதீர்கள். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சம அளவு நீரோடு கலந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றித்தான். அப்புறம் வாட்ச் கிளாஸ் சில, கோபால்ட் நீலக் கண்ணாடி இரண்டு துண்டு, பழைய சிடி ஒன்று. சிடி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

ஒப்பீட்டு உப்புகள்தான் இந்தச் சோதனையின் முதுகெலும்பு. சிலவற்றை லாங்கு பஜார் பக்கம் ஒரு சுற்று சுற்றினாலே சேர்த்துவிடலாம். சோடியத்துக்குக் கல் உப்பு. தாமிரத்துக்கு மயில்துத்தம். கால்சியத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. பொட்டாசியத்துக்கு உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷ். அது பொட்டாசியம் குளோரைடுதான், ஆனால் உரத்தில் சோடியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கோபால்ட் கண்ணாடியைப் பழகுவதற்கு அது நல்லதும்கூட. லித்தியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றையும் ஆய்வகப் பாட்டிலிலிருந்து மட்டும் எடுங்கள். லித்தியத்துக்காக பேட்டரியைப் பிரிக்கும் யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

யூடியூபில் வண்ண வண்ணமாகத் தெரியும் ஒரு காட்சி உண்டு: தட்டில் உப்பு, மேலே மெத்தனால், அதற்குத் தீ. பார்க்க அழகு. அணைந்துவிட்டதென்று நினைத்துப் பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றும்போது தீ பாட்டிலுக்குத் தாவி, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்மேல் பீய்ச்சி அடிக்கும். உலகெங்கும் வகுப்பறைகளில் பலர் இப்படி மோசமாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். வகுப்பில் இதைச் செய்துகாட்டவே வேண்டாம்.

அறியாத பொடியை நேராக அமிலத்தில் போடாதீர்கள். அது பிளீச்சிங் பவுடராக இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். சல்ஃபைடாக இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடுகளவு எடுத்து, முதலில் தண்ணீரில் பாருங்கள், பிறகு ஒரு துளி நீர்த்த அமிலம், எல்லாம் ஜன்னல் பக்கத்திலோ புகைக்கூண்டிலோ.

தீக்குச்சி மருந்து, பட்டாசு மருந்து பக்கமே போகாதீர்கள். குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன ஊர் என்பதால் மாணவர்கள் கேட்கிற கேள்விதான்: "குச்சி முனையில் பொட்டாசியம் இருக்குமே, அதைச் சுரண்டிக் காட்டினால் என்ன?" அதில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். சுரண்டும்போதே பற்றிக்கொள்ளும்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். பேரியம், காரீய உப்புகளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

படிப்படியாகச் செய்முறை

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வேலூரில் மே மாதம் இதைச் சொன்னால் வகுப்பே முறைக்கும், ஆனால் ஆடுகிற சுடரில் நிறம் பிடிபடாது. ஜன்னல் திரையை இழுத்து அறையை அரை இருட்டாக்குங்கள். சுடருக்குப் பின்னால் கருப்பு அட்டை வைத்தால் பொட்டாசியத்தின் ஊதாகூடப் பளிச்சென்று தெரியும்.

அடுத்து கம்பியைச் சுத்தம் செய்வது. வளையத்தை அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள். மஞ்சள் வரும். மறுபடி தோய்த்துக் காட்டுங்கள். சுடர் நிறம் மாறாமல் இருக்கும்வரை இதைத் தொடர வேண்டும். கம்பி தகதகவென்று ஆரஞ்சாக ஒளிர்வது வேறு, அது சூட்டினால் வருவது. நீங்கள் பார்க்க வேண்டியது கம்பிக்கு மேலே இருக்கும் சுடரை. பலமுறை தோய்த்தும் மஞ்சள் போகவில்லை என்றால் அமிலத்தில்தான் அழுக்கு. ஊற்றிவிட்டுப் புதிதாக எடுங்கள். சுத்தமான பின் வளையத்தை விரலால் தொடாதீர்கள், மேஜையிலும் வைக்காதீர்கள். இந்த ஒரு படியைப் பொறுமையாகச் செய்பவர்களுக்கு மற்றதெல்லாம் தானாக அமையும்.

இப்போது வெற்றுச் சோதனை. அமிலத்தை மட்டும் தொட்டு, அந்தச் சுடர் எப்படி இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா நிறத்தையும் ஒப்பிட இதுதான் அடிப்படை.

வாட்ச் கிளாஸில் கடுகளவு உப்பை எடுத்து, இரண்டு மூன்று துளி அமிலம் விட்டுப் பசையாக்குங்கள். அமிலம் சேர்ப்பதற்குக் காரணம், குளோரைடுகள் எளிதில் ஆவியாகும் என்பதுதான். வளையத்தில் கொஞ்சம் எடுத்து, முதலில் சுடரின் அடிப்பகுதி ஓரத்தில் காட்டுங்கள். சோடியம், பொட்டாசியம் போன்ற எளிதில் ஆவியாகிறவை அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் மெதுவாக மேலே, சுடரின் வெளி ஓரத்தில் சூடு அதிகமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். கால்சியம் பளிச்சிட்டு மறையும். பேரியம் வர நேரம் எடுக்கும், வந்தால் நின்று எரியும். முதல் இரண்டு நொடியில் பார்த்ததை வைத்து முடிவுகட்டி, கம்பியை எடுத்துவிடுவதுதான் தேர்வில் நடக்கும் பெரிய தவறு. நிறம் எது என்பதோடு, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் கவனியுங்கள்.

சல்பேட் உப்புகள் முரண்டு பிடிக்கும். நாம் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அதைச் சும்மா காட்டினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சுடரின் உள்பகுதியில் கொஞ்ச நேரம் பிடித்து ஒடுக்கமடைய விட்டு, வெளியே எடுத்து ஆறவைத்து, அமிலத்தில் நனைத்து மறுபடி காட்டினால் செங்கல் சிவப்பு வரும். பேரியம் சல்பேட்டுக்கும் இதே வைத்தியம்.

கம்பியே கிடைக்காத இடத்தில் ஐஸ் குச்சியைப் பிளந்து, இரவு முழுக்க டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, பிறகு உப்புக் கரைசலில் தோய்த்துக் காட்டலாம். மரம் கருகத் தொடங்கும் முன் வெளியே எடுத்துவிட வேண்டும். மரம் எரிந்தால் அதன் மஞ்சள்தான் மிஞ்சும்.

நிறங்களைப் படிப்பது

சோடியம் பொன்மஞ்சள். பொட்டாசியம் இளம் ஊதா, சட்டென்று மறையும். தாமிரம் நீலப் பச்சை, யாரும் தவறவிட மாட்டார்கள். காரீயம் வெளிறிய நீலம், அதை வைத்து எதையும் உறுதி செய்ய வேண்டாம்.

சிக்கல் சிவப்பில்தான். கால்சியம், ஸ்ட்ரான்சியம், லித்தியம் மூன்றும் சிவப்பு. கால்சியத்தில் ஆரஞ்சு கலந்திருக்கும், விட்டு விட்டுப் பொறி போல வரும். ஸ்ட்ரான்சியம் ஆழ்ந்த சிவப்பு, நீண்ட நேரம் நிற்கும். லித்தியமும் ஆழ்ந்த சிவப்புதான், வெறுங்கண்ணால் அதை ஸ்ட்ரான்சியத்திலிருந்து பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். மூன்று கம்பிகளில் மூன்றையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிப் பார்த்தால், புத்தகத்தில் பத்துமுறை படித்தாலும் புரியாதது அங்கே புரியும்.

பச்சையிலும் ஒரு குழப்பம் உண்டு. பேரியத்தைப் பாடம் ஆப்பிள் பச்சை என்கிறது, கண்ணுக்கு மஞ்சள் கலந்த தளிர்ப் பச்சையாகத் தெரியும். வெங்காரத்தில் உள்ள போரானும் பச்சை தரும், ஆனால் வெங்காரத்தை அப்படியே காட்டினால் அதிலுள்ள சோடியத்தின் மஞ்சள்தான் முன்னால் நிற்கும். தாமிரக் கம்பித் துணுக்கு எங்காவது ஒட்டியிருந்தாலும் பச்சை வரும், ஆகவே கம்பியைக் கவனியுங்கள்.

மஞ்சளை விலக்குவது

மஞ்சள் வந்தால் சோடியம் இருக்கிறது என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். ஒரு நொடி மினுக்கி மறைந்தால் அது அழுக்கு. கம்பியில் பசை தீரும்வரை அறையே மஞ்சளாகும் அளவுக்கு எரிந்தால் சோடியம் உண்மையில் இருக்கிறது. நடுவில் ஒரு நிலை வரும், அங்கேதான் ஒப்பீடு உதவும். கல் உப்பைக் கரைத்து அடர்த்தியாக ஒரு கரைசல், அதையே நூறு மடங்கு நீர்த்து இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். அறியாத உப்பின் மஞ்சள் நீர்த்த கரைசலைவிட மங்கலாக இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மஞ்சளுக்குப் பின்னால் பொட்டாசியம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கக் கோபால்ட் கண்ணாடி. அது சோடியத்தின் மஞ்சளை விழுங்கிவிட்டு நீலத்தையும் அடர் சிவப்பையும் மட்டும் விடும். அதன் வழியே பொட்டாசியம் சிவந்த ஊதாவாகத் தெரியும். ஒரு துண்டு போதாவிட்டால் இரண்டை அடுக்குங்கள். அடுக்கியது சரிதானா என்று சோதிக்க வெறும் கல் உப்புச் சுடரைப் பாருங்கள், மஞ்சள் முழுதும் மறைந்தால்தான் சரி. பொட்டாஷ் உரத்தைக் கண்ணாடி இல்லாமலும் கண்ணாடியோடும் பார்த்தால் வித்தியாசம் மனதில் நிற்கும்.

சிடியில் ஒரு நிறமாலைமானி

சிடியின் தடங்கள் ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஒளியை நிறங்களாகப் பிரிக்க அது போதும். ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில், இரண்டு பிளேடுகளை முடி அளவு இடைவெளி விட்டு ஒட்டி ஒரு பிளவு செய்யுங்கள். எதிர்ப்பக்கம் சிடித் துண்டைச் சாய்த்து வையுங்கள். மேலே கண் வைக்க ஒரு துளை. பிளவைச் சுடரை நோக்கித் திருப்பினால் நிறங்கள் கோடுகளாகத் தெரியும். சாய்வைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் ஆகும். சூரியனை மட்டும் இதன் வழியே நேராகப் பார்க்காதீர்கள்.

மேலே சொன்ன லித்தியம், ஸ்ட்ரான்சியம் குழப்பம் இங்கே தீர்ந்துவிடும். லித்தியம் ஒற்றைச் சிவப்புக் கோடு. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, ஆரஞ்சில் பட்டைகள், கூடவே 460.7-இல் தனியாக ஒரு நீலக் கோடு. கால்சியத்துக்கு ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பட்டையும் பச்சையில் ஒன்றும். சோடியம் எல்லாவற்றிலும் தலைகாட்டும், ஆனால் இப்போது அது தன் இடத்தில் ஒரு மஞ்சள் கோடாக நிற்குமே தவிர மற்றவற்றை மறைக்காது. எந்தக் கோடு எங்கே என்று அளக்க அதையே அடையாளக் கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பதும் இதே வழியில்தான். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள்ளேயே, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். அங்கே ஒளியைப் பிரிக்கும் கருவிகள் நம் அட்டைப் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு நுட்பமானவை, ஆனால் தேடுவது இதே கோடுகளை. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது குண்டூரிலிருந்து சூரியனின் விளிம்பைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் பதிவு செய்த மஞ்சள் கோடு, முதலில் சோடியத்தினுடையது என்றே எண்ணப்பட்டது. அது சோடியத்துக்குப் பக்கத்தில், 587.6-இல் இருந்த ஹீலியம்.

சுடர் சொல்லாதவை

மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் மூன்றின் உப்புகளும் சுடரில் நமக்கு உதவும் நிறம் தராது. இவற்றுக்குச் சாம்பல் சோதனை இருக்கிறது. உப்போடு அடர் நைட்ரிக் அமிலமும் கோபால்ட் நைட்ரேட்டும் சேர்த்து, வடிதாள் துண்டை அதில் நனைத்து எரிக்க வேண்டும். சாம்பல் நீலமானால் அலுமினியம், பச்சையானால் துத்தநாகம், இளஞ்சிவப்பானால் மெக்னீசியம்.

நம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி குரோமியம் பற்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோல் பதனிட குரோமியம் சல்பேட் பயன்படுகிறது. பாலாற்றுப் படுகை மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துவந்து "இதில் குரோமியம் இருக்கிறதா, எரித்துப் பாருங்கள்" என்கிறார்கள். இந்தச் சோதனை அதற்கு உதவாது. தோலை உப்பு போட்டுத்தான் பாடம் செய்கிறார்கள், ஆகவே அந்தத் தண்ணீர் சுடரில் சோடிய மஞ்சளைத்தான் காட்டும். மஞ்சள் வந்தால் குரோமியம் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, வராவிட்டால் இல்லை என்றும் அர்த்தமில்லை. தோல் கழிவு மண்ணைச் சுண்ணாம்போடு சூடாக்கினால், அதில் உள்ள மூன்று இணைதிறன் குரோமியம் நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறக்கூடும் என்பதால் அதை எரிக்கவே வேண்டாம். குடிநீர் பற்றிய சந்தேகம் என்றால், முறையாக மாதிரி எடுத்து நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதுதான் வழி. அங்கே டைஃபீனைல்கார்பசைடு என்ற வினைபொருளோடு சேரும்போது வரும் ஊதா நிறத்தை அளந்து ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கணக்கிடுவார்கள்.

ரெக்கார்டில் எழுதுவது

காண்பன பகுதியில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "செங்கல் சிவப்பு, விட்டு விட்டுத் தெரிந்தது." அறிவன பகுதியில் "கால்சியம் இருக்கலாம்" என்று நிறுத்துங்கள். "இருக்கிறது" என்று எழுத உறுதிச் சோதனை வேண்டும். கால்சியத்துக்கு அம்மோனியம் ஆக்சலேட் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு. பேரியத்துக்குப் பொட்டாசியம் குரோமேட், மஞ்சள் வீழ்படிவு. தாமிரத்துக்கு அம்மோனியாவை அதிகமாகச் சேர்த்தால் கருநீலக் கரைசல். சுடரும் உறுதிச் சோதனையும் முரண்பட்டால் கம்பியைச் சுத்தம் செய்து சுடரை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். கலவை உப்பு என்றால் அழுத்தமான நிறம் மங்கலானதை மூடிவிடும் என்பதால், சுடரில் தெரியாத உலோகத்தை "இல்லை" என்று அடித்துவிடாதீர்கள்.

முடித்ததும் மீந்த பசைகளைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பேரியம் உள்ள கழிவில் கொஞ்சம் சோடியம் சல்பேட் கரைசல் விட்டால் அது கரையாத பேரியம் சல்பேட்டாகப் படிந்துவிடும். அதையும் தாமிர, காரீயக் கழிவுகளையும் தனித்தனி ஜாடியில் பெயர் எழுதிச் சேர்த்து ஆய்வக உதவியாளரிடம் ஒப்படையுங்கள்.